நல்லதுப் பெட்டி, கெட்டதுப் பெட்டி

புஷ்பலதாவுக்கு ஐம்பது வயதாக இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அதற்குள் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் அவள் ஆடவைக்காத இடுப்பு என்று எடுத்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் குடியிருக்கும் சிலிபினில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி டிஜே புஷ்பா வீடு எது என்று கேளுங்கள். 'கெமா உடையப்பன் வீடுதானே' என்று திருத்திவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அது அவளுக்குப் பிடிக்காது. கெமா என்றால் கூடாரம், கெமா உடையப்பன் அவள் புருஷன். கல்யாணமோ கருமாதியோ, வாசலில் கூடாரம் அடித்து மேசை நாற்காலி இறக்குவது அவனுடைய தொழில். பாட்டுப் போடுவது அவளுடைய தொழில். கூடாரம் இல்லாமல்கூட ஒரு கல்யாணம் நடக்கும், பாட்டு இல்லாமல் நடக்கட்டும் பார்ப்போம் என்பாள்.

பிறந்தது தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பெரிய மனநல மருத்துவமனை அந்த ஊரில் இருப்பதால், ஊர்ப் பேரைச் சொன்னதும் எதிரில் இருப்பவன் வாய்க்குள் ஒரு சிரிப்புச் சிரிப்பான். அவன் சிரித்து முடிக்குமுன் 'ஆமா, லீவுல வந்திருக்கேன்' என்று இவளே சொல்லிவிடுவாள். பிறகு அவன் சிரிக்க மாட்டான்.

டிஜே ஆனது ஒரு குடிகாரனின் புண்ணியம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், வாடகைக்கு வந்த டிஜே கார்த்திகேசு ஏழாவது பீரில் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துத் தூங்கிவிட்டான். பாட்டு முடியப்போகிறது, மாப்பிள்ளை வீட்டார் முறைக்கிறார்கள், உடையப்பன் கையைப் பிசைகிறான். புஷ்பலதா சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் அடுத்த சிடியைத் தள்ளினாள். அன்றைக்குப் போனவள்தான். அந்த மேசைக்குப் பின்னால் மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது, சோறு வெந்ததா என்று கேட்கிற ஆள் கிடையாது. அவள் கையை உயர்த்தினால் ஐந்நூறு பேர் கையை உயர்த்துவார்கள். வீட்டில் அவள் கையை உயர்த்தினால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

ஈப்போ டவுனில் இழுத்து மூடிய ஒரு டிஸ்கோவிலிருந்து இரண்டு சிடி பிளேயரும் ஒரு மிக்சரும் வாங்கினாள். ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் மண்டபம். போய்க்கொண்டிருக்கும் பாட்டின் வேகத்துக்கு வரப்போகும் பாட்டை இழுத்து நிறுத்தி, தாளத்தோடு தாளத்தை ஒட்டுவாள். ஆடுகிறவனுக்குப் பாட்டு மாறியதே தெரியாது, பாதம் மட்டும் மாறியிருக்கும்.

சிடிகள் இரண்டு பெட்டியில் இருந்தன. சிவப்புப் பெட்டி நல்லதுப் பெட்டி. கல்யாணம், பிறந்தநாள், இருபத்தோரு வயசானதற்கு வீட்டுச் சாவி கொடுக்கும் விருந்து. பழைய பிஸ்கட் டின் கெட்டதுப் பெட்டி. சாவு வீட்டுக்கு உள்ள தேவாரம், ஒப்பாரி, பறை. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, ஒரே வேனில் போகக் கூடாது. கெட்டதுப் பெட்டி எப்போதும் உடையப்பனின் லாரியில், கூடாரத் துணிகளுக்கு நடுவில்தான் போகும். அதைத் தொட்டால் மஞ்சத்தண்ணி தெளித்த பிறகுதான் சிவப்புப் பெட்டியைத் தொட வேண்டும். இது மாமியார் கருப்பம்மாள் போட்ட சட்டம். புஷ்பலதா கருப்பம்மாளின் சட்டங்களில் பாதியைக் காற்றில் விட்டவள். இதை மட்டும் விடவில்லை, தொழில் சம்பந்தப்பட்டது என்பதால்.

கெட்டதுப் பெட்டியிலேயே பேர்போன சிடி கருப்பம்மாளுடையதுதான். ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் யார் செத்தாலும் கருப்பம்மாளைக் கூப்பிடுவார்கள். அவள் செத்தவனைப் புகழ்ந்து அழுகிற ஆள் இல்லை, திட்டித்தான் அழுவாள். 'பல்லு வெளக்காம போறியே பாவி மவனே, அங்க எவ ஒனக்குக் காப்பி கலந்து வச்சா' என்று அவள் எடுத்தால், அதுவரை சம்பிரதாயத்துக்கு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்டாட்டி நிஜமாகவே உடைந்துவிடுவாள். வயதாகி நடக்க முடியாமல் போனபோது, புஷ்பலதா கெமா ஸ்டோரில் அவளை உட்காரவைத்து, இரண்டு பறைக்காரர்களையும் உட்காரவைத்துப் பதிவு செய்தாள். கடைசியில் கிழவி பாட்டை நிறுத்திவிட்டு, 'போதும்லா, தொண்ட காயுது. டீய போடு புள்ள' என்றாள். புஷ்பலதா அதை வெட்டவில்லை. ஒன்பது வருஷம், சுங்கை சிப்புட்டிலிருந்து பத்து காஜா வரை, ஒவ்வொரு சாவு வீட்டிலும் அந்த இடத்தில் ஜனம் சிரித்துவிட்டுத் திரும்ப அழுதது.

அப்படிப்பட்ட கருப்பம்மாள் செத்தது கொரோனா காலத்தில். ஆஸ்பத்திரியில் உடம்பைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். சுடுகாட்டில் ஆறு பேர், ஆறு பேருக்கும் வாயில் முகக்கவசம். பறை இல்லை, பாட்டு இல்லை. ஷா ஆலாமில் இருந்த மகள் சரளா, போலீஸில் அனுமதிக் கடிதம் வாங்கி ஈப்போ வந்து சேர்ந்தபோது சாம்பல்கூட ஆறிவிட்டது. ஊருக்கெல்லாம் ஒப்பாரி வைத்தவளுக்கு ஒப்பாரி வைக்க ஆள் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு புஷ்பலதா அந்த சிடியை யார் வீட்டிலும் போடவில்லை. கேட்டால் கீறல் விழுந்துவிட்டது என்பாள். கீறல் எதுவும் விழவில்லை, அவளுக்குத்தான் கேட்க முடியவில்லை.

போன வருஷம் இடது பக்க சிடி பிளேயருக்கு விக்கல் வந்தது. டவுனில் ரிப்பேர்க் கடைச் சீனக் கிழவர் திறந்து பார்த்துவிட்டு, "சுடா மாத்தி லா, தங்காச்சி" என்றார். செத்துப்போச்சு, இனி சாமான் கிடைக்காது என்று அர்த்தம். அதே வாரம் சரளாவிடமிருந்து போன் வந்தது. அவளுடைய மகள் புனிதாவுக்கும் தெலுக் இந்தான் பையன் பவித்ரனுக்கும் கல்யாணம், விருந்து ஈப்போவில்.

"அண்ணி, அண்ணே சொன்னுச்சுன்னுதான் ஒங்களுக்குக் குடுக்குறேன். நான் அந்த டிஜே சுரேனதான் புக் பண்ணலாம்னு இருந்தேன். அந்த ரேடியோக் கடையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க. போட்டோவுல அசிங்கமா விழும். லாப்டாப்ல போட்டாதான் போடுங்க, இல்லன்னா வேணாம்லா."

சரளா உடையப்பனின் தங்கை. நாத்தனார் என்றாலே வாயில் மிளகாய் வைத்துக்கொண்டு பிறப்பார்கள் என்பது ஊர் வழக்கு. இவள் மிளகாய்த் தோட்டமே வைத்திருந்தாள். பொம்பளை மைக்கைப் பிடித்துக் கூத்தடிப்பது குடும்பத்துக்கு அவமானம் என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறவள்.

உடையப்பன் சாப்பிட்டுக்கொண்டே ஒரு தீர்ப்பும் சொன்னான்.

"இங்க பாரு. வீட்டுக் கல்யாணம். லாப்டாப் வாங்கித் தாரேன். ஆனா இதுல சொதப்புனேன்னா மிஷின சுரேன்கிட்டயே தள்ளிட்டு நீ கெமா சைடு வந்துரு. எனக்கும் நாற்காலி எண்ண ஆளு வேணும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. புஷ்பலதா அன்று இரவு தூங்கவில்லை. மிச்ச ஆயுளும் கல்யாணத்துக்குப் போய் நாற்காலி எண்ணிக்கொண்டு, எவனோ போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிடச் செத்துத் தொலையலாம் என்று தோன்றியது.

சுரேன் இருபத்தாறு வயசு, சிலிபின் பையன், போட்டிக்காரன்தான். ஆனாலும் நல்லவன், அவனே வந்து எல்லாம் மாட்டிக் கொடுத்தான். பீட்சா டப்பா அகலத்தில் ஒரு கருவி, அதில் இரண்டு வட்டம், பக்கத்தில் லாப்டாப். புஷ்பலதா ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடா இது, எடையே இல்ல. கோழி அடைகாக்கக்கூட பத்தாது."

"அக்கா, இது போதும் அக்கா. அந்தா, சிங்க்னு இருக்கு பாருங்க, அத அமுக்குனா ரெண்டு பாட்டுக்கும் அதுவே ஸ்பீட் ஒட்டிரும்."

"அதுவே ஒட்டிருமா? அப்ப நான் எதுக்குலா, பக்கத்துல சாமி படமா?"

இருபது வருஷமாகக் காதைத் தீட்டி வைத்திருப்பவளுக்கு அது நேரடி அவமானம். அந்தப் பட்டன் மேல் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து ஒட்டினாள்.

சுரேன் கிளம்பும்போது அவள் ஒரு சந்தேகம் கேட்டாள், கொஞ்சம் கூச்சத்தோடு. எல்லா டிஜேவுக்கும் ஒரு மூத்திரப் பாட்டு உண்டு. வெளியில் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். நீளமான பாட்டு, யாரும் நடுவில் உட்காராத பாட்டு. அதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்துவிட வேண்டும். அவளுடையது ஒன்பது நிமிஷம். எந்த மண்டபத்தில் கழிவறை எத்தனை எட்டு தூரம் என்று அவளுக்கு மனப்பாடம். அந்தப் பாட்டு இருந்த சிடி தேய்ந்துபோய், லாப்டாப் அதைப் படிக்கவே மாட்டேன் என்றது.

"அதுக்கு ஆட்டோ இருக்கு அக்கா. தட்டி விட்டீங்கன்னா மிஷினே பொருத்தமான பாட்ட தேடி எடுத்து ஓட்டும்."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"நீங்க தஞ்சோங் ரம்புத்தானுக்கே போயிட்டு வரலாம்."

எங்கிருந்து தேடும் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சிடிகளை உள்ளே ஏற்ற மூன்று வாரம் ஆனது. முதலில் நல்லதுப் பெட்டி. பிறகு உடையப்பனுக்கு ஒரு சாவு வீட்டு ஆர்டர் வரவே, கெட்டதுப் பெட்டியையும் ஏற்ற வேண்டியதாயிற்று. செம்பில் மஞ்சத்தண்ணி கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிடிக்கும் கையில் தெளித்துக்கொண்டாள். ஒரு சொட்டு கீபோர்டில் விழுந்து, அன்று முழுக்க 'எல்' எழுத்து அமுங்கவில்லை. கருப்பம்மாளின் சிடி கைக்கு வந்தபோது திருப்பி வைத்துவிடலாமா என்று பார்த்தாள். மனசு வரவில்லை, அதையும் ஏற்றினாள். திரையில் 'நல்லது' என்று ஒரு கட்டம், 'கெட்டது' என்று ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி இருந்தது. அந்த அரை அங்குலத்தை அவள் சுவர் என்று நம்பினாள். முப்பது வருஷம் கணினி பார்த்தவன் செய்ய மாட்டான் இந்தத் தப்பை, கணினியே தெரியாதவனும் செய்ய மாட்டான். வாழ்நாள் முழுக்க இரண்டு பெட்டி தூக்கியவள்தான் செய்வாள்.

கல்யாண விருந்து சனிக்கிழமை சாயங்காலம். சரளா மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "ம். பரவால, சின்னதா இருக்கு" என்றாள். அவளிடமிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அதுதான். மணமக்கள் உள்ளே நுழையும் பாட்டு நேரத்துக்கு விழுந்தது. கேக் வெட்டினார்கள். கோழிப் பிரட்டல் தீர்ந்து திரும்ப வந்தது. எட்டே கால் மணிக்கு மேல் புஷ்பலதா சூடு ஏற்றினாள், நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. பிளாஸ்டர் ஒட்டியபடியே இருந்தது, எல்லா ஒட்டும் காதாலேயே. இந்தப் பிசாசையும் நான் மேய்த்துவிட்டேன் என்று அவளுக்கு ஒரு கர்வம். கர்வத்தில் பார்லித் தண்ணீர் நாலு கிளாஸ் குடித்தாள். எட்டே முக்காலுக்கு அது தன் வேலையைக் காட்டியது.

மூத்திரப் பாட்டு இல்லை. ஆட்டோவைத் தட்டினாள், ஓடினாள்.

பட்டுச் சேலை, ஏழு சேஃப்டி பின், ஈரத் தரை. ஒருவழியாக உட்கார்ந்தபோது மண்டபத்தில் பாட்டு மாறுவது சுவர் வழியாகக் கேட்டது. முதலில் பறை. நல்ல பறைதான், என்ன பாட்டு இது என்று யோசித்தாள். பிறகு குரல் வந்தது.

'பல்லு வெளக்காம போறியே பாவி மவனே...'

கருப்பம்மாளேதான். அந்த நிலைமையில் மனுஷி என்ன செய்ய முடியும்? எழுந்து ஓடவா முடியும்? ஆரம்பித்ததை முடித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் அந்தப் பாழாய்ப்போன காது சும்மா இருக்கவில்லை. குத்துப் பாட்டிலிருந்து ஒப்பாரிக்கு மாறிய இடத்தில் தாளம் மயிரிழைகூடப் பிசகவில்லை என்று அது அவளுக்குச் சொன்னது. மிஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது, வேகம் மட்டும் தெரியும். இரண்டும் ஒரே வேகம். இருபது வருஷத்தில் அவளே இவ்வளவு சுத்தமாக ஒட்டியதில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்திருந்தது. முப்பது வயசுக்குக் கீழே இருந்ததெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நடத்த மைக்கைப் பிடித்திருந்த பையன், "செம ரீமிக்ஸ்லா! கைய தூக்குங்க!" என்று கத்தினான். ஐம்பதுக்கு மேலே இருந்ததெல்லாம் வாயில் வைத்த சோற்றோடு அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பத்துமலை மட்டும் விதிவிலக்கு. எழுபது வயசில், தோள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பிணத்துக்கு முன்னால் ஆடும் அதே அடியைப் பிசகாமல் போட்டு ஆடிக்கொண்டிருந்தார். உடையப்பன் ஐஸ்கிரீம் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மனைவியைப் பார்த்தான். நாற்காலி எண்ண ஆள் கிடைத்துவிட்டது என்ற முகம் அது.

மேசைக்குப் போய் விரலை வைத்தாள். நிறுத்தினால் ஐந்நூறு பேருக்கும் நிசப்தம் விழும். நிசப்தத்தில் எவனாவது ஒருவன் 'சாவுப் பாட்டு' என்பான். அத்தோடு முடிந்தது கதை. மானமே போனபின் பிளாஸ்டர் எதற்கு? அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, இன்னொரு பக்கம் ஒரு கல்யாணக் குத்துப் பாட்டை ஏற்றி, சிங்க்கை அமுக்கினாள். இரண்டும் ஒட்டி நின்றன. பாட்டை மாற்றும் கைப்பிடியைத் தள்ள வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் சரளாவைப் பார்த்தாள்.

சரளா மேடைக்கு முன்னால், ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பலதாவின் கை நகர்வதைக் கண்டதும் தன் உள்ளங்கையை உயர்த்தினாள். இரு, என்றது அந்தக் கை.

புஷ்பலதா இருந்தாள். இருபது வருஷத்தில் நாத்தனார் சொல்லி அவள் மனசாரக் கேட்டது அது ஒன்றுதான். கருப்பம்மாள் செத்தவனைச் சாப்பாட்டுக்குத் திட்டினாள், தூக்கத்துக்குத் திட்டினாள், சொல்லாமல் கிளம்பியதற்குத் திட்டினாள். பறை நின்றது.

'போதும்லா, தொண்ட காயுது. டீய போடு புள்ள.'

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சரளாவும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு, மடிந்து உட்கார்ந்து, "அம்மா, எம்மா" என்று தொண்டை கிழிய அழுதாள். நாலு வருஷத்துக்கு முன்னால் சுடுகாட்டு வாசலில் வராத அழுகை. புனிதா மாலையோடு மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெண்ணைக் கொடுக்கிற தாய் அழுகிறாள் என்று பாதி ஜனம் உச்சுக் கொட்டியது. புஷ்பலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினாள், குத்துப் பாட்டு தாளத்தோடு வந்து விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருத்தி 'அபசகுனம்' என்று ஆரம்பித்தாள். பத்துமலை மூச்சிரைக்க அங்கே போய் நின்றார்.

"எது அபசகுனம்? பொண்ணோட பாட்டி கல்யாணத்துக்கு வந்து ஒரு டீ கேட்டுச்சு. குடுத்துட்டுப் போவீங்களா, பேசுறீங்களே."

அவர் மாப்பிள்ளை வீட்டு மூத்தவர், அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் உடையப்பனின் தீர்ப்பு நிற்கவில்லை. விருந்து முடிந்து, புஷ்பலதா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அவன் வந்தான்.

"அப்ப நாளைக்கு சுரேன்கிட்ட பேசிரவா?"

சொதப்பினால் என்றுதான் பேச்சு. ஐந்நூறு பேருக்கு முன்னால், கல்யாண வீட்டில் சாவுப் பாட்டுப் போட்டதைவிடப் பெரிய சொதப்பல் தொழிலில் கிடையாது. "பேசுங்க" என்றாள்.

"அண்ணே, நீ கொஞ்சம் சும்மா இரு."

சரளா பின்னால் நின்றாள். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஸ்பீக்கர் பெட்டி மேல் பட்டுச் சேலையோடு உட்கார்ந்தாள்.

"அண்ணி, புக்கிங் ஒண்ணு போடணும்."

"இந்தக் கூத்துக்கு அப்புறமுமா? யாருக்கு?"

"எனக்குத்தான். நான் போனா அம்மாதான் வந்து என்னை அழுவணும். இதே மாதிரி, டீ கேக்குற வரைக்கும் போடணும். பாதியில நிப்பாட்டுனீங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன்."

"சுரேன்கிட்ட மிஷின் இருந்தா அவனே போடுவான், சரளா."

"அவனுக்கு அம்மாவத் தெரியுமா? நீங்கதான் போடணும்." அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். "எழுதுங்க அண்ணி."

உடையப்பன் குனிந்து மீதி ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். புஷ்பலதா கைப்பையிலிருந்து புக்கிங் நோட்டை எடுத்தாள். சரளா என்று பெயர் எழுதினாள். விசேஷம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது, பிறகு 'கெட்டது' என்று எழுதிவிட்டாள்.

"தேதி?"

"அது வரும்போது வரட்டும்லா. ஆனா அண்ணி, எனக்கு முன்னாடி நீங்க போயிராதீங்க."

இருபது வருஷமாக வாயால் மட்டுமே சண்டை போட்டவள் அதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். புஷ்பலதா தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, டிஜே என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.